காரில் டிஜிட்டல் வானொலி: தெளிவாகக் கேட்க, பதிந்து வைக்க 26 குறிப்புகள்

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், ஏர்பேக் எத்தனை என்று கேட்கிறார்கள், திரை எத்தனை அங்குலம் என்றும் கேட்கிறார்கள். ரேடியோவில் என்னென்ன வரும் என்று கேட்பவர்கள் குறைவு. நம் சாலைகளில் ஓடும் பல கார்களில் டிஜிட்டல் வானொலி ஏற்கெனவே இருக்கிறது. காரின் சொந்தக்காரருக்கே அது தெரியாமல் கிடக்கிறது.

காற்றில் வரும் ஒலிபரப்புக்கு டேட்டா வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். செல்போன் டவர் செயலிழந்தாலும் அது வந்து சேரும். ஆனால் கேட்காமல் விட்டது திரும்ப வராது. அதனால் வீட்டில் ஒருவராவது இரண்டு வேலைகளைக் கற்றுக்கொள்வது நல்லது: கார் ரேடியோவை முழுதாகப் பயன்படுத்துவது, அருமையான நிகழ்ச்சிகளைப் பதிந்து பத்திரப்படுத்துவது. இரண்டுக்கும் உதவும் குறிப்புகள் இதோ.

உங்கள் காரில் என்ன இருக்கிறது?

1. முதலில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.எம். என்பது பழைய மத்திய அலை. எஃப்.எம். என்பது பண்பலை. டி.ஆர்.எம். என்பது டிஜிட்டல் வானொலி. 1998-இல் தொடங்கிய ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாக்கிய இந்த முறையைத்தான் அகில இந்திய வானொலி தன் மத்திய அலைக்குத் தேர்ந்தெடுத்தது. மத்திய அலையின் கரகரப்பு இதில் இல்லை. ஒரே அலையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம். நிலையத்தின் பெயரும் எழுத்துச் செய்திகளும் திரையில் தெரியும்படி அனுப்பலாம்.

2. உங்கள் காரில் டி.ஆர்.எம். உண்டா என்று இன்றே பாருங்கள். ரேடியோவைப் போட்டு, எஃப்.எம். தவிர வேறு என்னென்ன பட்டன்கள் திரையில் இருக்கின்றன என்று கவனியுங்கள். சில கார்களில் அது தனியாக இருக்கும். சிலவற்றில் ஏ.எம். பட்டனுக்குள்ளேயே இருக்கும். ஹூண்டாய், மாருதி சுசூகி, மஹிந்திரா, டொயோட்டா, எம்.ஜி. நிறுவனங்களின் சில மாடல்களில் கம்பெனியிலேயே பொருத்தித் தருகிறார்கள். ஒரே மாடலிலும் வேரியன்டுக்கு வேரியன்ட் மாறும். சந்தேகம் வந்தால் காரோடு கொடுத்த கையேட்டில் ஆடியோ பகுதியைப் படியுங்கள்.

3. இருந்தால், ஒருமுறை முழு ஸ்கேன் ஓட விடுங்கள். திறந்த வெளியில் காரை நிறுத்திச் செய்வது நல்லது. அடித்தளப் பார்க்கிங்கில் ஒன்றும் கிடைக்காது. சென்னைக்காரர்கள் 720, 783 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் தனியாகத் தட்டிப் பாருங்கள். 720 சென்னை நிலையத்தின் நெடுநாளைய மத்திய அலை எண். 783-இல் டி.ஆர்.எம். ஒலிபரப்பு நடந்திருக்கிறது. டிஜிட்டல் ஒலிபரப்பின் நேரமும் அலையும் அவ்வப்போது மாற்றப்படுவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

4. ஷோரூமில் வாயால் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். "தம்பி, ரேடியோவப் போட்டு ஏ.எம்.மும் டி.ஆர்.எம்.மும் எங்க இருக்குன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவ் போகும்போது பாட்டு ப்ளூடூத்தில் ஓடும்; அதை நிறுத்திவிட்டு பத்து நிமிடம் ரேடியோவை ஓட விடுங்கள். ரேடியோ சரியாக எடுக்கிறதா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

5. பழைய செட்டைக் கழற்றிவிட்டு வெளியே பெரிய டச் ஸ்கிரீன் மாட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வெளியில் விற்கும் பல செட்டுகளில் டி.ஆர்.எம். கிடையாது. ஏற்கெனவே இருந்த வசதியைக் காசு கொடுத்து இழக்காதீர்கள். இரண்டு, கூரைமேல் இருக்கும் சின்ன ஆன்டெனாக்கள் பலவற்றுக்குள் ஒரு பூஸ்டர் உண்டு. அதற்கு 12 வோல்ட் கொடுக்கும் ஒயரை மாட்ட மறந்தால் பக்கத்து நிலையம்கூடக் கரகரக்கும். புது செட் மாட்டிய பிறகு ரேடியோ மோசமானால் முதலில் அந்த ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. வெளிநாட்டு உறவினர் "டிஜிட்டல் ரேடியோ வாங்கி வரட்டுமா?" என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். ஐரோப்பாவில் நடப்பில் இருப்பது டி.ஏ.பி. என்ற வேறு முறை. 2020 டிசம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ரேடியோவோடு விற்கும் புதுக் கார்கள் எல்லாமே டிஜிட்டல் ஒலிபரப்பை எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த டி.ஏ.பி. செட் இங்கே வந்தால் அதன் எஃப்.எம். மட்டும்தான் உதவும்.

7. இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த கார் வைத்திருப்பவர்களுக்கு: ஜப்பானில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95-க்குள் முடிந்துவிடும். இலங்கையிலோ 108 வரை நிலையங்கள் உண்டு. அதனால்தான் மேல் எண்களில் இருக்கும் நிலையங்கள் அந்த செட்டில் வருவதில்லை. ஆன்டெனா ஒயரில் இடையே மாட்டும் சின்ன பேண்ட் எக்ஸ்பாண்டர் போதும், முழு செட்டையும் மாற்றத் தேவையில்லை.

8. மின்சாரக் கார் வாங்குபவர்கள் ஏ.எம். இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மோட்டாரை இயக்கும் மின்சுற்றுகள் மத்திய அலையில் இரைச்சலைக் கிளப்பும். அதைத் தடுக்கச் செலவாகும் என்பதால் சில நிறுவனங்கள் ஏ.எம்.மையே எடுத்துவிட்டன. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2023-இல் அப்படி அறிவித்து, நேயர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்ததும் சில வாரங்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டது. வாங்குபவர்கள் கேட்டால் கொடுப்பார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

தெளிவாகக் கேட்க

9. இரைச்சல் வந்தால் ரேடியோவைக் குறை சொல்லும் முன் சிகரெட் லைட்டர் துளையில் மாட்டியிருக்கும் சார்ஜரை உருவிப் பாருங்கள். அடுத்து டேஷ் கேமரா, அலங்கார எல்.இ.டி. பட்டை என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் போகிறதோ அதுதான் காரணம். மலிவான சார்ஜர்கள் மத்திய அலையையும் டி.ஆர்.எம்.மையும் மிகவும் கெடுக்கும்.

10. ஆன்டெனா கம்பியைக் கார் கழுவும்போது கழற்றினால் திரும்ப இறுக்கமாகத் திருகுங்கள். கண்ணாடிக்குள்ளேயே ஆன்டெனா இருக்கும் கார்களில் உலோகப் பூச்சு உள்ள சன் ஃபிலிம் ஒட்டினால் அலை உள்ளே வருவது குறையும்.

11. டிஜிட்டல் ஒலி திடீரென்று நின்றால் செட் பழுதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பழைய முறையில் அலை பலவீனமானால் கரகரப்பு கூடிக்கொண்டே போகும். டிஜிட்டலில் ஓர் அளவு வரை முழுத் தெளிவு, அதற்குக் கீழே மொத்த அமைதி. பாலத்தடியிலோ உயர் மின்னழுத்தக் கம்பிகளின் அடியிலோ நின்றுபோனால் அந்த இடத்தைக் கடந்து சில நொடி பொறுங்கள். நிலையத்தை மாற்றி மாற்றித் தட்டினால் பிடிப்பதற்கு இன்னும் தாமதமாகும்.

12. வழியில் வரும் நிலையங்களின் எண்களை ஒரு தாளில் எழுதி கையுறைப் பெட்டியில் வையுங்கள். சென்னையில் ரெயின்போ 101.4. மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் போனால் கொடைக்கானல் பண்பலை 100.5. பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. மலை உச்சியிலிருந்து வருவதால்தான் கொடைக்கானல் நிலையம் அத்தனை மாவட்டங்களில் கேட்கிறது. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிச் செல்லும். இரவில் மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். ராத்திரிப் பயணத்தில் ஏ.எம்.மைத் திருப்பினால் தூரத்து ஊர்களும் வரும்.

13. ஆப்பில் கேட்பவர்கள் டேட்டா கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 64 கிலோபிட் வேகத்தில் மணிக்குச் சுமார் 29 எம்.பி., 128 கிலோபிட்டில் சுமார் 58 எம்.பி. செலவாகும். அகில இந்திய வானொலியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் தமிழ் உட்படப் பல மொழி நிலையங்கள் கிடைக்கின்றன. சொந்த ஊர் நிலையத்தை வெளியூரில் கேட்க இது வரப்பிரசாதம். ஆனால் உள்ளூரில் காற்றிலேயே வரும் நிலையத்துக்கு டேட்டாவைச் செலவழிக்க வேண்டாம்.

14. புயல், வெள்ளக் காலத்தில் கார் ரேடியோ உயிர் காக்கும் கருவி. கரண்டும் செல்போனும் போனாலும் கார் பேட்டரி இருக்கும். டி.ஆர்.எம். முறையில் அவசர எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடும் உண்டு; அதை ஏற்கும் செட்டுகள் தாமாகவே எச்சரிக்கை அலைக்கு மாறும். மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை ஓட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, புகை ஆளைக் கொல்லும். தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. செய்தி நேரத்துக்கு மட்டும் ரேடியோவைப் போட்டு பேட்டரியை மிச்சப்படுத்த வேண்டும். வீட்டில் பேட்டரி செல் போடும் சின்ன ரேடியோ ஒன்றும் இருக்கட்டும்.

பதிவு செய்ய

15. பதிவது குற்றமா என்று பயப்படாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, ஒலிபரப்பும் நிலையத்துக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிந்துகொள்வதும், உண்மையான கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ பதிவதும் அந்த உரிமையை மீறியதாகாது என்று 39-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. விற்பதும், யூடியூபில் ஏற்றுவதும், குழுக்களில் பரப்புவதும் அதில் அடங்காது.

16. வீட்டில் பதிந்து காரில் கேட்பதே எளிய வழி. பெரும்பாலான கார் செட்டுகளில் ரேடியோவைப் பதியும் பட்டன் இல்லை. வீட்டு மொட்டை மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ ரேடியோவை அசையாமல் வைத்துப் பதிந்தால், ஓடும் காரில் கிடைப்பதைவிடத் தெளிவாக இருக்கும். பென் டிரைவில் போட்டு காரில் செருகினால் மறுநாள் பயணத்துக்கு நிகழ்ச்சி தயார்.

17. கைபேசியில் எஃப்.எம். இருந்தால் அதிலேயே பதியலாம். பல எஃப்.எம். ஆப்களில் சிவப்பு வட்டமாகப் பதிவு பட்டன் இருக்கும். ஒயர் உள்ள இயர்போனைச் செருகுங்கள், அந்த ஒயர்தான் ஆன்டெனா. ப்ளூடூத் இயர்போன் அந்த வேலையைச் செய்யாது. ஃபிளைட் மோடில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாது. கைபேசிகளில் எஃப்.எம்.மை முடக்க வேண்டாம் என்று 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. புதுக் கைபேசி வாங்கும்போது இதையும் கேட்டு வாங்குங்கள்.

18. வீட்டு ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு 3.5 மில்லிமீட்டர் ஒயர் ஒன்று போட்டால் நல்ல பதிவு கிடைக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ரேடியோவின் ஒலியைப் பாதியில் வைத்து, திரையில் ஏறி இறங்கும் பட்டை சிவப்பைத் தொடாதபடி சரிசெய்யுங்கள். ஒலி கூடி உடைந்துபோன பதிவைப் பிறகு சீராக்க முடியாது. குறைவாக இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

19. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் பதியலாம். ஆடாசிட்டியில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குறித்து வைக்கும் டைமர் வசதி உண்டு. கம்ப்யூட்டர் தூங்கிப் போகாதபடி ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். இணையத்தில் வரும் ஒலிபரப்பை வி.எல்.சி. பிளேயரில் திறந்தால் அதிலேயே பதிவு பட்டன் உண்டு. வியூ பகுதியில் கூடுதல் பட்டன்களைக் காட்டச் சொன்னால் தெரியும்.

20. முக்கியமான நிகழ்ச்சிக்கு முதல் நாளே ஒத்திகை பாருங்கள். திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் கூடிப் பாடுவதை அகில இந்திய வானொலி நேரடியாக ஒலிபரப்பும். அதைப் பதிய நினைத்தால் முந்தின நாள் அதே நேரத்தில், அதே அலையில் ஐந்து நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். நேரடி ஒலிபரப்பு கடிகாரத்துக்கு அடங்காது. இணைய ஒலி காற்றில் வருவதைவிடச் சற்றுப் பிந்தி வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

21. வண்டி ஓட்டும்போது பதிவு வேலையைத் தொடவே வேண்டாம். கிளம்பும் முன் செய்யுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். தனியாகப் போகிறீர்கள் என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு அப்புறம் பட்டனைத் தட்டுங்கள்.

பத்திரப்படுத்த

22. பேச்சு, நாடகம், செய்தி என்றால் எம்.பி.3 வடிவில் 64 கிலோபிட் போதும். இசைக்கு 128-க்குக் குறையாமல் வையுங்கள். 128-இல் பதிந்தால் 32 ஜி.பி. பென் டிரைவில் 500 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். வெட்டி ஒட்டித் திருத்தப் போகிறீர்கள் என்றால் முதலில் வேவ் வடிவில் பதியுங்கள். அது மணிக்கு 600 எம்.பி.யைத் தாண்டும், ஆனால் தரம் குறையாது. திருத்தி முடித்ததும் எம்.பி.3 ஆக்குங்கள்.

23. பென் டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறக்குறைய எல்லாக் கார்களும் படிக்கும். இந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: 2025-01-18, அதன் பின் நிலையம், நிகழ்ச்சி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். பல கார் செட்டுகளில் தமிழ் எழுத்து கட்டங்களாகத் தெரியும் என்பதால் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது வசதி.

24. காரில் இருக்கும் பென் டிரைவை ஒரே பிரதியாக நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஏறும் சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, தனி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி, அதற்குப் பிறகு காருக்கு ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜை நாளில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், எல்லாவற்றையும் திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

25. பரணில் பழைய கேசட் இருந்தால் அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். பி.பி.சி. தமிழோசை 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரலில் வானொலியில் நின்றுபோனது. அதுபோன்ற ஒலிபரப்புகளை, இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளை, உள்ளூர் நிலைய நாடகங்களை யாரோ வீட்டில் பதிந்திருக்கலாம். 2001-இல் பி.பி.சி. தன்னிடமே இல்லாத பழைய நிகழ்ச்சிகளைத் தேடி நேயர்களிடம் கேட்டபோது, வீட்டுப் பதிவுகளிலிருந்து பல திரும்பக் கிடைத்தன. கேசட்டை முதலில் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றுங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு 18-ஆவது குறிப்பில் சொன்ன ஒயரைப் போட்டுப் பதியுங்கள். அட்டையில் தாத்தா எழுதிய தேதியையும் விவரத்தையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் சேருங்கள்.

நாளைக்கு

26. வரப்போவதைத் தெரிந்துகொண்டு உங்கள் பங்கைச் செய்யுங்கள். நார்வே 2017-இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம்.மை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் எஃப்.எம்.மை நிறுத்தியது. இந்தியாவில் போக்கு வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 அக்டோபரில் தந்த பரிந்துரைப்படி, சென்னை உட்பட 13 நகரங்களில் தனியார் நிலையங்கள் எஃப்.எம்.மை நிறுத்தாமலே அதே அலையில் டிஜிட்டலையும் சேர்த்து அனுப்பும். ஒரு வழக்கமான சேனலோடு மூன்று டிஜிட்டல் சேனல்களும் ஒரு தகவல் சேனலும் வரலாம். ஆகவே கையில் இருக்கும் எஃப்.எம். செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்து வாங்கும் கார் டிஜிட்டலை எடுக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

அதோடு, டி.ஆர்.எம். கேட்டால் நிலையத்துக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்த நேரம், எந்தக் கார், ஒலி எப்படி, எங்கே நின்றது என்று ஒரு தபால் அட்டையில் அடங்கும் விவரம் போதும். வராவிட்டாலும் எழுதுங்கள். ஒலிபரப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் மேசையில் கேட்பவர்களின் கணக்கும் இருக்க வேண்டும். உங்கள் கடிதம் போனால்தான் அந்தக் கணக்கில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள்.